நாலாவது துப்பாக்கிக்குக் குச்சி விடவில்லை

அன்று எங்கள் கராஜில் இருந்தவர்கள் ஆறு பேர். நான். என் மனைவி. எங்கள் எட்டு வயது மகள். அவள் வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்கு இறங்கும் படியில் உட்கார்ந்திருந்தாள், அவளையும் இருந்ததாகவே கணக்கு வைக்கிறேன். நாலு வீடு தள்ளி இருக்கும் திருநெல்வேலி அண்ணன். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். பக்கத்து ஊரான ஆலனிலிருந்து வந்திருந்த சென்னைத் தம்பி, இன்னும் கல்யாணம் ஆகாதவர். அவ்வளவுதான். இதை மருத்துவமனையில் இரண்டு தடவையும், இன்சூரன்ஸ்காரர்களுக்குப் போனில் ஒரு தடவையும் சொல்லியிருக்கிறேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதற்குக் கணக்கு இல்லை. ஏழாவதாக ஒரு ஆள் வந்திருந்து, அந்தத் துப்பாக்கி அவர் கையில் இருந்திருக்கக் கூடாதா என்று எண்ணி எண்ணிப் பார்க்கிறேன். ஆறுக்கு மேல் போகவில்லை.

துப்பாக்கி என்றால் நிஜத் துப்பாக்கி இல்லை. ஏர்சாஃப்ட் என்பார்கள். பார்க்க அச்சு அசலாகப் பட்டாளத்துத் துப்பாக்கி போலவே இருக்கும், வாயில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மூடி. உள்ளே பேட்டரி, மோட்டார், மூன்று பல் சக்கரம், ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங். மோட்டார் பிஸ்டனைப் பின்னால் இழுத்து விடும். காற்று அழுந்தி ஒரு பிளாஸ்டிக் குண்டைத் தள்ளும். மிளகைவிடப் பெரிசு, கொண்டைக்கடலையைவிடச் சின்னது அந்தக் குண்டு. உடம்பில் பட்டால் சுள்ளென்று வலிக்கும், சிவக்கும், மறுநாள் போய்விடும். கண்ணில் மட்டும் படக் கூடாது. அதற்காகத்தான் கண்ணாடி.

டெக்சாஸில், ஃபிரிஸ்கோவுக்கு வடக்கே, வீடு கட்டாமல் கிடக்கிற காட்டில் இதற்கென்றே ஒரு மைதானம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் நாற்பது வயது கம்ப்யூட்டர்காரர்கள் தொப்பையை உள்ளே இழுத்துப் பட்டாளத்துச் சட்டைக்குள் அடைத்துக்கொண்டு, மரத்துக்கு மரம் ஒளிந்து ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்வார்கள். திருநெல்வேலி அண்ணனும் சென்னைத் தம்பியும் அதில் பைத்தியம். நான் சுட்டதில்லை. நான் ரிப்பேர் பார்ப்பவன்.

அதுவே எனக்கு இங்கே கிடைத்த ஒரே மரியாதை. நான் ஒன்பதாவதோடு நின்றவன். அவினாசிப் பக்கம் ஒரு நூல் மில்லில் பதினைந்து வயதில் சேர்ந்து, ஃபிட்டராகி, பதினெட்டு வருஷம் இருந்தேன். என் மனைவி என் மாமன் மகள். அவள் படித்தாள், நல்ல வேலைக்குப் போனாள், அவள் விசாவில் நானும் இங்கே வந்தேன். என் விசாவில் வேலை செய்யக் கூடாது. கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கிறோம், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மகளைப் பள்ளியில் விடுவது, அழைத்து வருவது, சமைப்பது, புல் வெட்டுவது. விருந்துகளில் "நீங்க என்ன ப்ராஜெக்ட்ல இருக்கீங்க?" என்று யாராவது கேட்டால் தண்ணீர் எடுக்கிற மாதிரி நகர்ந்துவிடுவேன்.

ஒரு நாள் அண்ணனின் துப்பாக்கி கரகரவென்று சத்தம் போட்டதைக் கேட்டுவிட்டு, "அண்ணா, அது பல்லு தேயற சத்தமுங்க, நிறுத்துங்க" என்றேன். பிரித்துப் பார்த்தால் பிஸ்டனில் கடைசி இரண்டு பல் பாதி இல்லை. அன்றிலிருந்து எனக்கு 'டாக்டர்' என்று பெயர் வந்தது.

"எங்க ஏரியாவுல பிஎச்டி முடிச்ச டாக்டரு பத்து பேரு இருக்கான்," என்பார் அண்ணன். "ஒரு பயலுக்கும் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியாது. நீருதான்வே அசல் டாக்டரு."

பணம் வாங்கமாட்டேன். வாங்கினால் வேலை செய்தது ஆகிவிடும், விசாவுக்கு ஆபத்து என்று பயம். ஒரு தடவை சென்னைத் தம்பி இருபது டாலரை டூல் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். அதை எடுத்துக்கொண்டு அவர் வீடு வரை போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். "அண்ணா, இருபது டாலருக்கு எஃப்பிஐ வராதுண்ணா," என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மெஷின் என்றால் எல்லாம் ஒன்றுதான். சுற்றுகிற இடத்துக்குக் கிரீஸ், வழுக்குகிற இடத்துக்கு எண்ணெய், ரப்பர் பக்கம் எண்ணெயே போகக் கூடாது. மில்லிலும் நூலை இழுக்கிற உருளைக்கு ரப்பர் உறைதான். அதில் எண்ணெய் பட்டால் ஊதிப்போய் நூல் சுற்றிக்கொள்ளும். துப்பாக்கியில் குண்டு உட்காரும் இடத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது. குண்டைப் பிடித்து, சரியான நேரத்தில் விட்டு, லேசாகச் சுழற்றி அனுப்புவது அதுதான். அது தேய்ந்தால் குண்டு கோணலாகப் போகும். இன்னும் தேய்ந்து ஓரம் கிழிந்தால் குண்டைப் பிடித்துக்கொண்டு விடாது. காற்று பக்கத்தால் போய்விடும், சத்தம் மட்டும் வரும், குண்டு அங்கேயே நிற்கும். பார்ப்பவன் காலித் துப்பாக்கி என்று நினைப்பான்.

அதற்குத்தான் குச்சி. நீளமான மெல்லிய பிளாஸ்டிக் குச்சியின் நுனியில் துணியைச் சுற்றி, வாய்ப்பக்கமிருந்து குழாய்க்குள் விட்டால் அழுக்கும் வரும், குண்டு நின்றிருந்தால் தட்டுப்படவும் செய்யும். எந்தத் துப்பாக்கி என் கைக்கு வந்தாலும் முதல் வேலை குச்சி விடுவது. வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை போய்ப் பார்ப்பவன் நான். கார் கதவைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் நடந்து திரும்பி வருவேன். என் மகள் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டுவாள். அப்படிப்பட்ட நான்.

கராஜ் சுவரில் ஒரு அட்டையில் எழுதி ஒட்டியிருந்தேன்: கண்ணாடி போடாமல் துப்பாக்கியைத் தொடாதே. அதற்குக் கீழே ஆணியில் ஐந்து கண்ணாடிகள். வாரத்துக்கு ஒரு முறை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து மாட்டுவேன்.

போன வருஷம் ஆயுத பூஜை வார நாளில் வந்தது. இங்கே எல்லாப் பண்டிகையும் ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் வரும். அடுத்த ஞாயிறு மத்தியானம் எங்கள் கராஜில் பூஜை என்று நானேதான் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. மில்லில் ஆயுத பூஜைக்கு மெஷினை எல்லாம் கழுவிப் பொட்டு வைத்து நிறுத்துவோம், அந்த ஒரு நாள் எங்கள் கையில் இருக்கிற ஸ்பேனருக்குக்கூட முதலாளி கும்பிடு போடுவார். அது இங்கேயும் வேண்டும் போல இருந்தது. எனக்குத்தான் வேண்டியிருந்தது என்று இப்போது தெரிகிறது.

மடக்கு மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, சுவாமி படம் வைத்து, முன்னால் நாலு துப்பாக்கி. இரண்டு தம்பியுடையது, ஒன்று நான் ரிப்பேர் பழக வாங்கிய ஓட்டைத் துப்பாக்கி, நாலாவது அண்ணனுடையது. ஸ்க்ரூ டிரைவர் செட், என் மனைவியின் லேப்டாப், இரண்டு வீட்டுக் கார் சாவிகள். அக்கா தன் தையல் மெஷினையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பது அவர்தான். ஊசி வேலை அவ்வளவு பொடிசாக இருக்கும்; ஹூக் தைத்த இடம் வெளியே தெரியாது. அந்த மெஷினுக்கும் எண்ணெய் விடுவது நான்தான்.

சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொன்றுக்கும் மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். ஆரஞ்சு மூடி மேல் சிவப்புப் பொட்டு. பிறகு ஆணியில் இருந்த ஐந்து கண்ணாடிகளையும் எடுத்து வரிசையாக வைத்து, அவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். ஒவ்வொன்றிலும் இரண்டு கண்ணுக்கும் நேர் நடுவில். அதுவும் ஆயுதம்தானே என்று தோன்றியது. அப்போது அது நல்ல யோசனையாக இருந்தது. அண்ணன்கூட, "பாரும்வே, இன்னைக்கு எல்லாரும் கண்ணு தெரியாத சாமிகதான்," என்றார்.

அவர் துப்பாக்கியைப் பற்றி முந்தைய வாரமே சொல்லியிருந்தேன்.

"அண்ணா, இந்த ரப்பர் மாத்தோணுமுங்க. ஓரம் கிழியுது. பன்னெண்டு டாலர்தான்."

"ஓடுத வரைக்கும் ஓடட்டும்வே. அடுத்த மாசம் சேத்து ஆர்டர் பண்ணுவோம். ஷிப்பிங் மிச்சம்."

சரிங்க என்றுவிட்டேன். இன்னொரு தடவை சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். நச்சரிக்கிறவன் என்று பெயர் எடுத்தவன், அந்த ஒரு விஷயத்தில் நச்சரிக்கவில்லை.

பூஜை தாமதமாகிக்கொண்டே போனது. அக்காவின் சுண்டல் வேக நேரமாயிற்று. தம்பி எலுமிச்சம்பழம் வாங்கிவர மறந்து மறுபடி கடைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரைக்கு. மணி நாலு பத்து. நான் கற்பூரத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

"அண்ணா, ரிலாக்ஸ்," என்றார் தம்பி போனைப் பார்த்துக்கொண்டே. "இங்க சன்ரைஸ் ஏழு இருபதுக்கு. அந்தக் கணக்குல ராகு காலம் அஞ்சரைக்கு மேலதான் ஸ்டார்ட் ஆவுது. கோயில் காலண்டர்லயும் அப்டித்தான் போட்டிருக்கு. ஃபுல்லா ஒன் ஹவர் இருக்கு."

"ரெண்டுல எது சரின்னு நமக்கென்னங்க தெரியும். நாலரைக்குள்ள முடிச்சரலாம்."

"ரெண்டு ராகு காலத்துக்கும் பயப்படுத ஒரே ஆளு நம்ம டாக்டருதாம்லே," என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. "மாமா, அவசரப்படாதீங்க," என்றாள். அவளுக்கு என் அவசரம் தெரியும்.

தீபாராதனை காட்டினேன். மணி அடித்தது என் மகள். கற்பூரத்தட்டைத் தரையில் வைத்தேன், மேஜைத் துணி பற்றிக்கொள்ளுமோ என்ற பயத்தில். பிறகு மில் வழக்கப்படி ஒரு காரியம் பாக்கி இருந்தது. பூஜை முடிந்ததும் ஒவ்வொரு மெஷினையும் ஒரு சுற்று ஓட்டி நிறுத்த வேண்டும். கும்பிட்ட மெஷினைச் சும்மா விடக் கூடாது. கார்களை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கினோம். அக்கா தையல் மெஷின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். மணி நாலு இருபத்திரண்டு.

துப்பாக்கிகள். குண்டு அடைக்கிற டப்பா எதிலும் இல்லை, எல்லாம் கழற்றி வைத்திருந்தது; காலிதான் என்று மகளிடமும் சொல்லியிருந்தேன். கண்ணாடி ஐந்தும் சந்தனத்தோடு மேஜையில் இருந்தன, யாரும் போடவில்லை. முதல் துப்பாக்கிக்குக் குச்சி விட்டேன், தரையைப் பார்த்துப் பிடித்து ஒரு தடவை அழுத்தினேன். டக். இரண்டாவதுக்குக் குச்சி விட்டேன். டக். மூன்றாவதுக்கு விட்டேன். டக். குச்சித் துணியில் சந்தனம் அப்பிக்கொண்டது. அதை அவிழ்த்து வேறு துணி சுற்ற வேண்டும். மணி நாலு இருபத்தாறு. குச்சியை மேஜையில் வைத்துவிட்டு நாலாவதை எடுத்தேன்.

அழுத்தினேன். சத்தம் வந்தது, ஆனால் சரியான சத்தம் இல்லை. ஈரத்துணியை உதறினது போல ஒரு மொத்தைச் சத்தம். வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. என்ன கோளாறு என்று காது கேட்டுக்கொண்டிருக்கும்போதே விரல் இன்னொரு தடவை அழுத்திவிட்டது.

கற்பூரம் அணைந்துவிட்டதே என்று அக்கா தட்டை எடுக்கக் குனிந்திருந்தார். குண்டு சிமென்ட் தரையில் பட்டு எழும்பியது. நான் அதைப் பார்க்கவில்லை. தட்டு விழுந்த சத்தம்தான் கேட்டது.

அக்கா கத்தவில்லை. இடது கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, ஏதோ பட்டுட்டு," என்றார். அண்ணன் கையை விலக்கிப் பார்த்தார். கறுப்பு விழிக்குக் கீழே ரத்தம் கோடு போல ஏறிக்கொண்டிருந்தது, கண்ணுக்கு உள்ளேயே, கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஏறுவது போல. என் மகள் படியிலிருந்து, "அப்பா, யூ செட் இட் வாஸ் எம்ப்டி," என்றாள்.

எமர்ஜென்சிக்கு என் மனைவி ஓட்டினாள். அக்காவும் அண்ணனும் பின்சீட்டில், நான் முன்னால். தம்பி மகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்துவிட்டார். அண்ணன் வேட்டியில் குங்குமம். வழியில் அக்கா ஒரு தடவை, "சுண்டல் மூடி வைக்காம வந்துட்டோமே," என்றார்.

மருத்துவமனையில் ஒரு பெண், எப்படி நடந்தது என்று கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். என் மனைவி சொல்லச் சொல்ல, 'கன்' என்ற ஒரு வார்த்தை மட்டும் என் காதில் விழுந்தது. துப்பாக்கி, காயம், விசா. அப்போது நான் ஒன்று கேட்டேன். எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். எழுதாவிட்டால் மற்றதை எழுதியதற்கு அர்த்தமில்லை.

அண்ணன் பக்கம் குனிந்து, மெதுவாக, "அண்ணா, போலீஸ் ஏதாச்சும் வருமாங்க?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். யாரோ ஒருவனைப் பார்ப்பது போல இருந்தது. "தெரியல," என்றார். 'வே' போடவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னை 'வே' என்று கூப்பிட்டதே இல்லை, கடைசியாக ஒரே ஒரு முறை தவிர.

போலீஸ் வரவில்லை. அந்தப் பெண் பொம்மைத் துப்பாக்கி என்று எழுதிக்கொண்டதோடு சரி. என் வாயிலிருந்து வந்த கேள்வி மட்டும் வந்தது வந்ததுதான்.

கண்ணுக்குள் கட்டிய ரத்தம் வடிய இரண்டு வாரம் ஆயிற்று. அதுவரை அக்கா தலையை உயர்த்தி வைத்துப் படுத்தே கிடக்க வேண்டும். கண் அழுத்தம் ஏறி இறங்கியது. என் மனைவி ஆபீசுக்குப் போகும் முன் ரசம் வைத்துக் கொடுப்பாள், நான் கொண்டுபோய் அவர்கள் வாசலில் வைத்துவிட்டு மணி அடித்துவிட்டு வந்துவிடுவேன். உள்ளே போக முகமில்லை. விழிக்கு உள்ளே இருக்கிற லென்ஸ் மங்கிவிட்டது, ஆபரேஷன் பண்ண வேண்டும் என்று டிசம்பரில் சொன்னார்கள். தேதி கிடைத்தது ஜனவரியில். இங்கே ஜனவரி ஒன்றாம் தேதி இன்சூரன்ஸ் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும். போன வருஷம் கைக்காசு எவ்வளவு கட்டியிருந்தாலும் அது போன வருஷத்தோடு போயிற்று. இரண்டு வாரம் முன்னால் தேதி கிடைத்திருந்தால் என்று நான் எத்தனையோ முறை நினைத்துவிட்டேன். ஒரு மணி நேரம், இரண்டு வாரம், பன்னிரண்டு டாலர். இப்படித்தான் என் பொழுது போகிறது.

பணத்தை நாங்கள் கட்டுகிறோம் என்று அந்த அக்டோபர் கடைசியிலேயே போய்ச் சொன்னது என் மனைவிதான். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். சோபாவில் நான் நுனியில் உட்கார்ந்தேன்.

"அதெல்லாம் எதுக்கும்மா," என்றார் அக்கா. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். "இந்தத் தம்பி வேணும்னேவா பண்ணிச்சு? எங்க கையில இருந்திருந்தாலும் இதுதானே நடந்திருக்கும்."

அண்ணன் கம்பெனியில் அந்த மாதம் முப்பது பேரை அனுப்பியிருந்தார்கள், இவர் பெயர் அதில் இல்லை, அடுத்ததில் இருக்கலாம். இது ஊருக்கே தெரிந்த விஷயம். அண்ணன், "மொத்தமா வேண்டாம்," என்றார். "மாசா மாசம் முடிஞ்சதக் குடுங்க."

என் மனைவி, "முந்நூத்தம்பது அனுப்பறனுங்க," என்றாள். அது அவள் சம்பளம். என் கையால் சம்பாதித்த ஒரு டாலர்கூட அதில் இல்லை. இருக்கவும் முடியாது. டெக்சாஸில் எத்தனையோ பேர் ரிப்பேருக்குப் பணம் கொடுப்பார்கள், தம்பியே ஆள் கூட்டி வருகிறேன் என்றார். நான் தொடவில்லை. விசா பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒரு துப்பாக்கியை எடுத்தால் அந்த மொத்தைச் சத்தம் காதுக்குள் கேட்கிறது. நாலு துப்பாக்கியையும் பெட்டியில் போட்டு டேப் ஒட்டிவிட்டேன். ஸ்பிரிங்கைத் தளர்த்தாமல் வைத்தால் அதன் விசை செத்துப்போகும் என்று எனக்குத் தெரியும். தளர்த்தவில்லை. தம்பி தன் இரண்டையும் கேட்கவே இல்லை. சனிக்கிழமை விளையாட்டும் நின்றுவிட்டது.

நவம்பரிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி போனிலேயே பணம் போகிறது. முதலில் அண்ணன் கட்டை விரல் படம் ஒன்று பதிலாகப் போடுவார். ஏப்ரலிலிருந்து அதுவும் இல்லை. பணம் போய்ச் சேர்ந்ததா என்று நான் என் மனைவியிடம் இரண்டு தடவை கேட்பேன். "போயிருச்சு மாமா," என்பாள். மூன்றாவது தடவை கேட்டால் போனையே என் கையில் கொடுத்துவிடுவாள்.

இந்த ஆகஸ்டில் அக்காவைக் கண் டாக்டர் கடைசியாகப் பார்த்தார். இனி வர வேண்டியதில்லை என்றார். சரியாகிவிட்டது என்பதால் அல்ல. கண்ணின் பின்சுவரில் அடி பட்ட தழும்பு நடுவில் இருக்கிறது, அது மாறாது, இப்போது தெரிவதுதான் இனி எப்போதும் தெரியும் என்பதால். இதை அண்ணன் என்னிடம் சொல்லவில்லை. அக்கா என் மனைவியிடம் சொல்லி, என் மனைவி சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சொன்னாள்.

மறுநாள் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். கையில் எண்ணெய்ப் புட்டி. தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுப் பத்து மாதம் ஆயிற்று. ஓடாத மெஷினில் பழைய எண்ணெய் கோந்து போல இறுகிவிடும், அப்புறம் சக்கரம் அசையாது. வேறு என்ன செய்வது என்று தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன்.

அக்கா உணவு மேஜையில் உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்கு ஹூக் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசியை வலது கையிலும் நூலை இடது கையிலும் பிடித்திருந்தார்.

"வாங்க தம்பி. உக்காருங்க. இதப் பாருங்க கூத்த. நூல் ஊசிக்குள்ள போன மாதிரியே இருக்கு. இழுத்துப் பாத்தா பக்கத்துல போயிருக்கு. எது கிட்ட, எது தள்ளின்னு இந்தக் கண்ணு சொல்ல மாட்டேங்கு." அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "நடுவுல புகை மாதிரி. ஓரத்துல எல்லாம் நல்லாத் தெரியுது. உங்களக்கூட ஓரத்துல வச்சுப் பாத்தா நல்லாத்தான் இருக்கீங்க."

"குடுங்கக்கா, நான் கோத்துத் தாரேன்," என்றேன். கொடுத்தார். எனக்கும் நூல் பக்கத்தில்தான் போயிற்று. நாலாவது தடவை கோத்துக் கொடுத்தேன். வாங்கி, பஞ்சுப் பொதியில் குத்தி வைத்துவிட்டார். தைக்கவில்லை.

"மத்த ரவிக்கையெல்லாம் திருப்பிக் குடுத்துட்டேன். இது ஒண்ணுதான் கிடக்கு. அந்தப் பொண்ணு இந்தியா போயிருக்கா."

அண்ணன் மாடியிலிருந்து ஆபீஸ் கால் முடித்து இறங்கி வந்தார். என் கையில் புட்டியைப் பார்த்தார்.

"தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்கண்ணா. இறுகிப் போயிருமுங்க."

மெஷின் சுவரோரம் இருந்தது, பழைய துண்டு ஒன்றைப் போட்டு மூடி. சக்கரத்தில் போன வருஷத்துச் சந்தனம் காய்ந்து வெளுத்து அப்படியே இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஓடாத மெஷினுக்கு எதுக்குவே எண்ணெய்."

பத்து மாதம் கழித்து வந்த 'வே'. நான் புட்டியை இறுக்கி மூடினேன். அக்கா, "காபி குடிச்சிட்டுப் போங்க தம்பி," என்றார். வேண்டாமுங்கக்கா என்றேன். வாசல் வரை வந்து, "படி இருக்கு, பாத்து," என்றார். எனக்குச் சொன்னாரா தனக்குச் சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கராஜில் நின்றேன். அந்த அட்டை இன்னும் சுவரில் இருக்கிறது. கண்ணாடிகள் ஆணியில் இருக்கின்றன. நேர் நடுவில் வைத்த பொட்டு ஐந்திலும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். எதிரே இருந்த பெட்டி தெரியவில்லை. ஓரத்தில் எல்லாம் நன்றாகத் தெரிந்தது. கழுவவில்லை, திருப்பி மாட்டிவிட்டேன்.

இன்னும் சில வாரத்தில் மறுபடி ஆயுத பூஜை வருகிறது. இந்த வருஷம் வீட்டுக்குள்ளேயே மகளின் புத்தகங்களை மட்டும் வைத்துக் கும்பிட்டுக்கொள்ளலாம் என்று என் மனைவி சொல்கிறாள். கும்பிட்டு முடித்ததும் ஒரு பக்கமாவது படிக்க வேண்டும் என்று மகளிடம் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

போன வருஷத்துப் பில் நாலாயிரத்து எண்ணூற்று அறுபது. ஆபரேஷன் பில் மூவாயிரத்து இருநூற்று எழுபத்தைந்து. பத்து மாதம் முந்நூற்று ஐம்பது வீதம் போய்ச் சேர்ந்திருக்கிறது. என் மனைவியின் போனில் நானே சரிபார்த்தேன், மூன்று தடவை. அக்காவின் கண்ணுக்கு இனி எதுவும் செய்வதற்கில்லை என்றாலும் ஒன்றாம் தேதி வந்தால் பணம் போகும். இன்றைக்குப் பாக்கி நாலாயிரத்து அறுநூற்று முப்பத்தைந்து டாலர்.